கோயிலும் காடும்: ஜப்பானில் ஒரு நூறாண்டு வழக்கு

ஒரு மொழியின் பழஞ்சொற்களை ஊன்றி நோக்கினால், அம்மொழி பேசிய மக்களின் பழைய நெஞ்சம் அவற்றில் நிழலாடக் காணலாம். ஜப்பானிய மொழியில் 'மோரி' என்பது காட்டையும் சோலையையும் குறிக்கும் சொல். எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற 'மன்யோஷூ' என்னும் பெருந்தொகை நூலில், இன்று 'கோயில்' என்று பொருள் கொள்ளப்படும் சீன எழுத்துகள் சில இடங்களில் 'மோரி' என்றே படிக்கப்பெறுகின்றன. எழுதும்போது கோயில், வாய்விட்டுப் படிக்கும்போது காடு. கோயிலுக்குள் காடு இருந்தது என்பதன்று இதன் பொருள். காடே கோயிலாக இருந்தது என்பதே பொருள். கட்டடம் பின்னர் வந்தது.

இச்சொல்லுறவை நம் கவிஞர்கள் கேட்டு மகிழ்வர். ஆயின் மகிழ்ச்சியோடு நின்றுவிடுவதற்கு வரலாறு இடம் தரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்நாட்டு அரசே ஏறத்தாழ எழுபதாயிரம் கோயில்களை இல்லாமற் செய்தது. அவற்றோடு எண்ணற்ற சோலைகளும் கோடரிக்கு இரையாயின. அதனைச் செய்தவர்கள் தெய்வ நம்பிக்கையற்றவர்கள் அல்லர். தெய்வ வழிபாட்டை நாட்டின் முதுகெலும்பு என்று முழங்கியவர்களே செய்தனர். இந்த முரண்பாட்டை விளங்கிக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கமி உறையும் இடம்

ஷிந்தோ என்ற சொல்லுக்குத் 'தெய்வங்களின் வழி' என்று பொருள். இச்சமயத்தை நிறுவியவர் என ஒருவரைச் சுட்ட இயலாது. 'கமி' என்பது அவர்கள் தெய்வத்திற்கு வழங்கும் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டுப் பேரறிஞரான மோத்தோரி நோரினாகா அச்சொல்லை விளக்கும்போது, பறவை, விலங்கு, மரம், செடி, கடல், மலை என எதுவாயினும், இயல்புக்கு மேம்பட்ட ஆற்றலால் மனிதனுக்கு வியப்பும் அச்சமும் ஊட்டுவது கமியே என்றார். நன்மை தருவது மட்டுமே தெய்வம் என்று அவர் வரையறுக்கவில்லை என்பது கருதத்தக்கது. இயற்கையை வெறும் அழகாக மட்டும் கண்டவர்களுக்கு இவ்விளக்கம் தோன்றியிராது. நிலநடுக்கத்தையும் புயலையும் எரிமலையையும் அன்றாடம் எதிர்நோக்கி வாழ்ந்தவர்களின் விளக்கம் இது.

நாரா மாகாணத்திலுள்ள ஓமிவா கோயிலில் கருவறை என்று ஒரு கட்டடம் இல்லை. வழிபடுவோர் முன்மண்டபத்தில் நின்று, அதற்கு அப்பால் எழும் மிவா மலையையே வணங்குகின்றனர். குமானோ மலைப்பகுதியில் 133 மீட்டர் உயரத்திலிருந்து வீழும் நச்சி அருவியே ஹிரோ கோயிலின் தெய்வம். ஊர்தோறும் முதிர்ந்த மரங்களின் அடியில் வைக்கோற்புரிக் கயிறு சுற்றப்பட்டிருக்கும். 'ஷிமெனவா' எனப்படும் அக்கயிறு, இவ்விடம் தெய்வத்துக்கு உரியது, கை வைக்காதே என்னும் எல்லைக்குறி. வேளாண் மக்கள் பலரிடையே, இளவேனிலில் மலைத்தெய்வம் இறங்கி வந்து வயல்தெய்வமாகிறது, அறுவடை முடிந்தபின் மீண்டும் மலை ஏறுகிறது என்னும் நம்பிக்கையும் நிலவியது. மலையின் நீரே வயலின் விளைவு என்னும் உண்மையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஊர்க்காவல் தெய்வத்தைச் சூழ்ந்த சோலைக்குச் 'சின்ஜு நோ மோரி' என்று பெயர். நம் வழக்கில் கோயிற்காடு எனலாம். நாரா நகரின் கிழக்கே கசுகா கோயிலின் பின்னுள்ள கசுகயாமா மலையில் வேட்டையும் மரம் வெட்டுதலும் 841-ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், ஒரு பெருநகரின் ஓரத்தில் அக்காடு இன்றும் நிற்கிறது.

இசே: மரத்தின் கணக்கு

இவ்வாறு கூறுவதால், ஜப்பானியர் காட்டை அழிக்காத மக்கள் என்று எண்ணிவிடலாகாது. பழந்தலைநகரங்களும் பெரும்பெரும் பௌத்த விகாரங்களும் அரண்மனைகளும் மரத்தாலேயே எழுந்தன. அவற்றுக்காக மலைகள் மொட்டையாயின. கோயில்களும் இதற்கு விலக்கல்ல. தலைசிறந்த சான்று இசே பெருங்கோயிலே.

இசேயில் உள்ள கோயில்கள் வண்ணம் பூசாத ஹினோகி மரத்தால் ஆனவை. தூண்கள் அடித்தளக் கல்லின்மேல் நில்லாமல் நேரே மண்ணில் ஊன்றப்படும். கூரை புல்வேய்ந்தது. ஆகவே கட்டடம் நெடுநாள் தாங்காது. தாங்க வேண்டும் என்னும் எண்ணமும் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை, அருகிலுள்ள வெற்றுமனையில் அதே அளவில் புதுக்கோயில் எழுப்பித் தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்வர். 690-ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வழக்கம், பதினைந்து பதினாறாம் நூற்றாண்டுகளின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் நூறாண்டுக்கு மேல் நின்றுபோய்ப் பின்னர் மீண்டும் தளிர்த்தது. 62-ஆவது புதுக்கட்டு 2013-இல் நிறைவேறியது. அடுத்தது 2033-இல் நடைபெற உள்ளது.

ஒவ்வொரு முறையும் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஹினோகி மரங்கள் வேண்டும். தொடக்கத்தில் கோயிலின் சொந்த மலைகளே மரம் தந்தன. அவற்றில் பெருமரங்கள் தீர்ந்தபின் வேறு மலைகளை நாடினர். இறுதியில் நெடுந்தொலைவிலுள்ள கிசோ மலைகளை நம்ப வேண்டியதாயிற்று. புனிதத்தின் பெயரால் நடந்த செயலும் காட்டைத் தீர்த்துவிடக் கூடும் என்பதற்கு இது சான்று.

ஆயின் இசே கற்றுக்கொண்டது. 1923-ஆம் ஆண்டில், கோயிலின் சொந்த மலைகளில் ஹினோகி வளர்த்து, இருநூறு ஆண்டுகளில் தன் மரத்தைத் தானே பெறுவது என்று ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. அன்று கன்று நட்டவர்களுள் ஒருவரும் அதன் பயனைக் காணப்போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். 2013-இல் தேவைப்பட்ட மரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அந்தச் சொந்தக் காட்டிலிருந்து வந்தது. பழைய கோயிலின் மரமும் வீணாவதில்லை. உச்சிவிட்டத்தைத் தாங்கிய பெருந்தூண்கள் இருபது ஆண்டுகளுக்குப் பின் உஜி பாலத்தின் இருபுறமும் 'தோரி' எனப்படும் தோரணவாயில்களாகின்றன; மேலும் இருபது ஆண்டுகள் கழிந்தபின் வேறிடங்களில் வாயில்களாக நிற்கின்றன. ஒரு மரம் அறுபது ஆண்டு தொண்டு செய்கிறது. பத்தாண்டு நிறைவை மலரிட்டுக் கொண்டாடும் நமக்கு, காலத்தை இவ்வாறு எண்ணும் முறை சிந்தனைக்குரியது.

1906: அரசின் கணக்கு

மெய்ஜி ஆட்சி 1868-இல் தொடங்கியது முதலே ஷிந்தோவை அரசின் சடங்காக மாற்றும் முயற்சி நடந்தது. நூற்றாண்டுகளாகப் பௌத்தத்தோடு கலந்து வாழ்ந்த வழிபாட்டைச் சட்டத்தால் பிரித்தனர். 1871-இல் கோயில் நிலங்களை அரசு எடுத்துக்கொண்டது. 1900-இல் உள்துறை அமைச்சகத்தில் கோயில்களுக்கெனத் தனிப் பிரிவு தோன்றியது. இனி கோயில் என்பது ஊராரின் உறவுப்பொருள் அன்று, அரசின் நிறுவனம்.

நிறுவனம் என்றால் ஒழுங்கு வேண்டும். செலவு குறைய வேண்டும். 1904-05-இல் உருசியாவோடு நடந்த போரில் ஜப்பான் வென்றது. ஆனால் கருவூலம் வறண்டது. பெயரும் பூசகரும் வருவாயும் இல்லாத சிற்றூர்க் கோயில்கள் நாட்டின் பெருமைக்கு இழுக்கு என்று அதிகாரிகள் கருதினர். 1906-இல் இரண்டு அரசாணைகள் வந்தன. ஒன்று, தகுதியுள்ள கோயில்களுக்கு அரசுக் காணிக்கை வழங்குவது பற்றியது. மற்றொன்று, ஒன்றிணைக்கப்பட்டு ஒழிந்த கோயிலின் மனையைப் பிற கோயிலுக்கு உரிமையாக்குவது பற்றியது. ஒரு கிராமத்திற்கு ஒரு கோயில் என்பதே குறிக்கோள். எஞ்ச விரும்பும் கோயில் குறிப்பிட்ட அளவு மூலதனம் காட்ட வேண்டும். வகயாமா மாகாணத்தில் அத்தொகை 5,000 யென் வரை உயர்த்தப்பட்டது. மலையடிவாரத்து உழவர்களும் கடற்கரைச் செம்படவர்களும் அத்தொகைக்கு எங்கே போவர்?

அரசாணை நாடு முழுமைக்கும் பொது. நிறைவேற்றியவரோ மாகாண ஆளுநர்கள். சில மாகாணங்கள் மெத்தனமாக இருந்தன. மியேயும் வகயாமாவும் மிகக் கடுமையாக நடந்தன. மியேயில் பத்தில் ஒன்பது பங்கு கோயில்கள் மறைந்தன என்பர். நாடு முழுவதிலும் இரண்டு லட்சத்தை நெருங்கியிருந்த கோயில்களின் எண்ணிக்கை, பத்தாண்டுக்குள் ஒரு லட்சத்து இருபதாயிரம் அளவில் வந்து நின்றது.

தெய்வத்தை வேறொரு கோயிலுக்கு மாற்றிவிட்டால், பழைய மனையில் எஞ்சுவது மரம் மட்டுமே. ஐந்நூறு, அறுநூறு ஆண்டு வளர்ந்த கற்பூர மரமும் தேவதாருவும் சந்தையில் பெருவிலை பெற்றன. மரம் விற்ற பணம் கோயிலின் மூலதனமாயிற்று. சில இடங்களில் அதிகாரியும் வணிகனும் பூசகரும் பங்கிட்டுக்கொண்டனர் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. தெய்வம் ஊரை விட்டுப் போன மறுநாளே மரம் வெறும் கட்டையாகிவிடும் என்பதை அக்காலத்துச் சிற்றூர்கள் கண்ணாரக் கண்டன.

கற்பூர மரத்தின் பெயர் பூண்டவர்

இந்நிலையில் எழுந்த எதிர்க்குரல்களுள் மிக ஓங்கியது மினகட்டா குமகுசு என்னும் ஒருவருடையது. 1867-இல் வகயாமாவில் பிறந்தவர். அவர் பெயரிலேயே இவ்வழக்கின் வித்து இருக்கிறது. 'குமா' என்பது குமானோவைக் குறிப்பது. 'குசு' என்பது கற்பூர மரம். புஜிஷிரோ கோயில் வளாகத்துக் கற்பூர மரத்தெய்வத்தை வேண்டிக் குழந்தைகளுக்கு 'குசு' என்னும் பெயரெழுத்தைச் சூட்டுவது அவ்வட்டார வழக்கம். மரத்தின் காப்பில் வளரட்டும் என்று பெயரிடப்பட்ட பிள்ளை, வளர்ந்தபின் மரத்துக்குக் காப்பாக நின்றது என்பதை வரலாற்றின் இசைவு எனலாம்.

அவர் எப்பல்கலைக்கழகத்திலும் பட்டம் பெற்றவர் அல்லர். 1887 முதல் அமெரிக்காவிலும், 1892 முதல் 1900 வரை இலண்டனிலும் வாழ்ந்தார். பிரித்தானிய அருங்காட்சியகத்தின் நூலகத்தில் பன்மொழி நூல்களிலிருந்து பக்கம் பக்கமாகப் படியெடுத்தார். 1893-இல் 'நேச்சர்' இதழில் கீழை நாட்டு விண்மீன் கூட்டங்களைப் பற்றிய அவரது கட்டுரை வெளிவந்தது. பின்னரும் அவ்விதழில் பல எழுதினார். சீனப் புரட்சியாளர் சுன் யாட் சென் இலண்டனில் அவருக்கு நண்பரானார்.

தாயகம் திரும்பியபின் நச்சிக் காட்டில் தங்கிப் பாசி, காளான், சளிப்பூஞ்சை ஆகியவற்றைத் தேடினார். சளிப்பூஞ்சை என்பது விந்தையான உயிர். ஒருகாலத்தில் விலங்குபோல் ஊர்ந்து இரை தேடும். பின்னர்ச் செடிபோல் ஓரிடத்தில் நின்று விதைத்துகள் பரப்பும். வாழ்வும் சாவும் எங்கே பிரிகின்றன என்ற வினாவை அது அவருக்கு இடைவிடாது எழுப்பியது. அது வாழ்வதற்கு மட்கிய மரமும் ஈரமும் நிழலும் வேண்டும். அதாவது, எவரும் கூட்டிப் பெருக்காத பழங்காடு வேண்டும். அத்தகைய காடு ஊருக்குள் எங்கே எஞ்சியிருந்தது? கோயில்களைச் சுற்றித்தான்.

1904 முதல் தனபே என்னும் சிறு நகரில் குடியமர்ந்தார். 1906-இல் அவ்வூர்த் தோகேய் கோயிலின் பூசகர் மகளை மணந்தார். அதே ஆண்டில்தான் அரசாணையும் வந்தது. தனபேக்கு அருகில் இதோதா என்னுமிடத்துக் குரங்குத்தெய்வக் கோயிலின் மரமொன்றில் அவர் ஒரு புதுவகைச் சளிப்பூஞ்சையைக் கண்டெடுத்திருந்தார். சிறிது காலத்தில் அக்கோயில் இணைப்புக்கு உள்ளாயிற்று, மரங்கள் வெட்டப்பட்டன. ஆய்வாளரை வழக்காளராக மாற்றியவற்றுள் இந்நிகழ்ச்சியும் ஒன்று.

எட்டுத் தீங்குகள்

1909-இல் 'முரோ ஷிம்போ' என்னும் உள்ளூர்ப் பத்திரிகையில் அவர் தம் எதிர்ப்பை எழுதத் தொடங்கினார். அப்பத்திரிகையின் ஆசிரியர் மோரி சாயன் ஒரு பௌத்தத் துறவி. ஷிந்தோ கோயில்களைக் காக்கும் போருக்குப் பௌத்தத் துறவி இடம் தந்தார் என்பது நினைவில் நிறுத்தத்தக்கது. 1910 மார்ச்சில் வகயாமாவைச் சேர்ந்த நாகமுரா கெய்ஜிரோ நாடாளுமன்றத்தில் இது பற்றிக் கேள்வி எழுப்பினார். அதே ஆண்டு ஆகஸ்டில், இணைப்பை முன்னின்று நடத்திய மாகாண அதிகாரி ஒருவர் தனபேயில் ஒரு கூட்டத்திற்கு வந்திருப்பதை அறிந்த குமகுசு, உள்ளே புக முயன்று தடுக்கப்பட்டார். கையிலிருந்த பையை அவைக்குள் வீசியெறிந்து ஆரவாரம் செய்தார். விளைவு, 18 நாள் சிறைக்காவல். அவரைச் சாந்தசீலர் என்று எவரும் கூறியதில்லை.

ஆனால் வழக்கை வென்றது வீசிய பையன்று, எழுதிய கடிதங்களே. 1911-இல் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மட்சுமுரா ஜின்சோவுக்கு இரு நீண்ட மடல்கள் வரைந்தார். அக்காலத்தில் அரசு அலுவலராக இருந்தவரும், பின்னாளில் ஜப்பானிய நாட்டார் வழக்காற்றியலின் தந்தை எனப் போற்றப்பட்டவருமான யனகிட்டா குனியோ அவற்றை அச்சிட்டு, நாட்டின் முன்னணியினரிடையே பரப்பினார். 1912-இல் மற்றொரு தாவரவியலாளரான ஷிராய் மிட்சுதாரோவுக்கு அனுப்பிய கருத்துரையில், கோயில் இணைப்பினால் வரும் எட்டுத் தீங்குகளை அவர் நிரல்படுத்தினார்.

அவற்றின் சாரம் இது. கோயிலைத் தொலைவுக்குக் கொண்டுபோனால் பக்தி பெருகாது, குறையும். முதியோரும் பெண்களும் பிள்ளைகளும் காத தூரம் நடந்து சென்று தொழ இயலாது. ஊர்கள் தம்முள் பிணங்கும். திருவிழாவை நம்பிய சிறு வணிகம் நசியும். ஏழைகளுக்குச் செலவில்லாமல் கிடைத்த ஆறுதல் பறிபோகும். சொந்த ஊரின்மேல் பற்றற்றவனுக்கு நாட்டின்மேல் பற்று எங்கிருந்து வரும்? சோலை போனால் பறவை போகும். பறவை போனால் பயிரில் பூச்சி மிகும். கரையோரக் காட்டின் நிழலை நாடியே மீன்கள் அணைகின்றன. காட்டை வெட்டினால் வலை வெறுமையாகும். நீர்ச்சுனைகள் வற்றும். எழுதப்படாத வரலாறும் பழங்கதைகளும் இடத்தோடு ஒட்டியவை. இடம் அழிந்தால் அவையும் அழியும். இறுதியாக, ஆயிரம் ஆண்டுகளாக எவராலும் ஆக்க முடியாத காட்சியும், அறிவியல் இன்னும் பெயரிடாத உயிர்களும் ஒருசேர மறையும்.

1911-இல் வகயாமா ஆளுநருக்கு எழுதிய மடலில் அவர் ஒரு புதுச்சொல்லை ஆண்டார்: 'எக்கோலஜி'. கோடரி படாத தெய்வக்காட்டில் செடிகொடிகளின் உறவு மிகச் சிக்கலாகப் பின்னிக் கிடக்கிறது என்றும், அவ்வுறவை ஆராய்வதற்கென்றே இப்பெயரில் ஒரு துறை மேனாட்டில் தோன்றியுள்ளது என்றும் அவர் விளக்கினார். நாம் இன்று சூழலியல் என்று வழங்கும் அச்சொல்லை ஜப்பானில் ஒரு பொது வழக்குக்காக எடுத்தாண்ட முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

இவ்விடத்தில் ஒன்றை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அவருடைய வாதம் மரத்தை மட்டும் பற்றியதன்று. பக்தி, ஒற்றுமை, வணிகம், ஆறுதல், பயிர், மீன், நினைவு, அழகு ஆகிய எட்டுத் திக்கிலிருந்தும் வந்து ஒரு சோலையில் சந்திக்கும் இழைகளை அவர் கண்டார். காட்டில் கண்ட பின்னலையே ஊரிலும் கண்டார். மனிதன் ஒருபுறம், இயற்கை ஒருபுறம் என்று பிரித்துவைத்து உறவு பேசும் பேச்சு அவரிடம் இல்லை.

வென்றதும் தோற்றதும்

வழக்கின் முடிவு இனிப்பும் கசப்பும் கலந்தது. குமானோ யாத்திரை வழியிலுள்ள ட்சுகிசகுரா கோயிலின் மாபெரும் தேவதாரு மரங்களில் பல வீழ்ந்தன. சில அவர் முயற்சியால் எஞ்சின. தெற்கு நோக்கியே கிளை விரித்து நிற்கும் அம்மரங்களை இன்றும் காணலாம். தனபே விரிகுடாவிலுள்ள கஷிமா என்னும் சிறு தீவின் காடு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அவர் தந்தையின் பூர்வீக ஊர்க் கோயிலான ஓயாமாவைக் காக்க ஆண்டுக்கணக்கில் எழுதிய மடல்கள் பயன் தரவில்லை. 1913-இல் அக்கோயில் இணைக்கப்பட்டது. உலகத்து நூல்களையெல்லாம் கற்றவர் தம் குலதெய்வத்தின் கோயிலைக் காக்க இயலாமற் போனார்.

1920-ஆம் ஆண்டில் நாடாளுமன்ற மேலவை, கோயில் இணைப்பினால் பயனில்லை என்று தீர்மானித்தது. அதற்குள் அழிய வேண்டியவை பெரும்பாலும் அழிந்துவிட்டன. எனினும் மக்கள் முற்றிலும் விட்டுவிடவில்லை. தெய்வம் பெயர்க்கப்பட்ட பின்னும் பழைய மனையில் விளக்கேற்றிய ஊர்கள் உண்டு. 1945-இல் போர் முடிந்து, அரசு வேறு, ஷிந்தோ வேறு என்று ஆனபின், தம் தெய்வத்தை மீண்டும் ஊருக்கே அழைத்துவந்த சிற்றூர்களும் உண்டு.

1929 ஜூன் முதல் நாளன்று, உயிரியலில் ஈடுபாடு கொண்ட பேரரசர் ஷோவா கஷிமா தீவுக்கு வந்தார். 62 வயதான குமகுசு அவரை வரவேற்று, 'நகாட்டோ' போர்க்கப்பலில் அவர் முன் உரையாற்றினார். 110 சளிப்பூஞ்சை மாதிரிகளைக் காணிக்கையாகத் தந்தார். அவற்றை இட்டுக் கொடுத்தது கேரமல் மிட்டாய்ப் பெட்டிகளில்! 1941-இல் அவர் மறைந்தார். 1962-இல் மீண்டும் அக்கடற்கரைக்கு வந்த பேரரசர், மழையில் மங்கித் தெரிந்த கஷிமாவைக் கண்டு ஒரு பாடல் புனைந்தார். அதில் குமகுசுவின் பெயர் இடம்பெற்றது. அரசாணையை எதிர்த்துச் சிறை சென்றவரின் பெயர் அரசர் பாட்டில் ஏறியது. தீர்மானங்கள் தராத தீர்ப்பைச் சிலபோது கவிதை தந்துவிடுகிறது. 2015-இல், கஷிமாவும் தோகேய் கோயிலும் உள்ளிட்ட அவர் தொடர்புடைய இடங்கள் அரசின் எழிலிடங்களாக அறிவிக்கப்பட்டன.

நட்டு வளர்த்த கோயிற்காடு

கீ தீபகற்பத்தில் சோலைகள் சாய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், தலைநகரில் வேறொரு காட்சி நடந்தது. 1912-இல் மறைந்த பேரரசர் மெய்ஜிக்குக் கோயில் எழுப்ப டோக்கியோவில் இடம் தேர்ந்தனர். பெருமரம் அதிகமில்லாத அந்நிலத்தில் ஏறத்தாழ 70 ஹெக்டேர் பரப்பில் புதுக்காடு ஆக்கும் பொறுப்பு ஹோண்டா செய்ரோகு, ஹொங்கோ தகனோரி, உயெஹரா கெய்ஜி ஆகிய வனவியலாளர்களிடம் வந்தது. பிரதமர் ஒகுமா ஷிகெனோபு, நிக்கோவில் உள்ளதுபோல் ஓங்கிய தேவதாருக் காடு வேண்டும் என்றார். டோக்கியோவின் மண்ணிலும் புகையிலும் தேவதாரு செழிக்காது என்று வனவியலாளர்கள் சான்று காட்டி மறுத்தனர். அவர்கள் தேர்ந்தவை அவ்விடத்திற்கு இயல்பான கற்பூரம், ஓக் முதலிய என்றும் பசுமை மாறா அகலிலை மரங்கள்.

நாடெங்கிலுமிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் மரங்கள் நன்கொடையாக வந்தன. 1915-இல் பணி தொடங்கியது. 1920 நவம்பரில் கோயில் திருநிலைப்படுத்தப்பட்டது. மேலவைத் தீர்மானமும் அதே ஆண்டில்தான். காட்டை அழித்த கொள்கை முடிந்ததும், ஆக்கிய காடு பிறந்ததும் ஓராண்டிலேயே நிகழ்ந்தன. அறிஞர்கள் ஏறத்தாழ 150 ஆண்டில் காடு தானே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் எனத் திட்டமிட்டனர். அதற்கு அவர்கள் வகுத்த விதி எளியது: காட்டில் கை வைக்காதே, பாதையில் விழுந்த சருகையும் கூட்டிக் காட்டுக்கே திருப்பிக் கொடு. இன்றும் அவ்விதி காக்கப்படுகிறது.

எனினும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. அக்கோயிலின் வெளித்தோட்டப் பகுதியை மாற்றிக் கட்டும் பெருந்திட்டத்திற்கு 2023 பிப்ரவரியில் நகர ஆட்சி ஒப்புதல் தந்தது. இசையமைப்பாளர் சகமோட்டோ ரியூச்சி, தம் மறைவுக்குச் சில வாரங்கள் முன், மரங்களைக் காக்குமாறு ஆளுநருக்கு மடல் எழுதினார். நாவலாசிரியர் முரகமி ஹருகியும் எதிர்த்தார். 2024 அக்டோபரில் மரம் வெட்டும் பணி தொடங்கிற்று. உட்காட்டைப் பேணுவதற்கு வெளித்தோட்டத்தின் வருவாய் வேண்டும் என்பது கோயில் தரப்பின் நியாயம். 1906-இலும் மூலதனமே பேசியது. இன்றும் அதுவே பேசுகிறது.

நிறைவாக

ஷிந்தோ இயற்கையை வணங்கும் சமயம். ஆகவே காட்டைக் காத்தது என்று சொல்வது எளிது. வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை. ஒரே சமயத்தின் பெயரால் காடு காக்கப்பட்டது, வெட்டவும் பட்டது, மீண்டும் நடவும் பட்டது. வேறுபாடு எங்கே இருந்தது? தெய்வம் ஊராருக்கு அருகில், அவர்கள் பெயர் சொல்லி அழைக்கும் தொலைவில் இருந்தவரை மரம் நின்றது. தெய்வம் கணக்கேட்டில் ஏறி அரசின் உடைமையானபோது மரம் வீழ்ந்தது. பக்தி மட்டும் காப்பதில்லை, அண்மையே காக்கிறது.

தாவரவியலாளர் மியவாக்கி அகிரா (1928-2021), ஓர் இடத்திற்கு உரிய இயல்பான மரங்கள் எவை என்று அறிய எஞ்சியிருந்த கோயிற்காடுகளையே ஏடாகக் கொண்டார். அங்கே கற்றதைக் கொண்டு, நாட்டு மரக்கன்றுகளை நெருக்கமாக நட்டுக் காடு வளர்க்கும் முறையை வகுத்தார். 2020 முதல் சென்னை மாநகராட்சி தன் வெற்றிடங்களில் வளர்க்கும் அடர்காடுகள் அவர் பெயராலேயே வழங்குகின்றன. குமகுசுவும் சிற்றூர் மக்களும் காத்த சோலைகளின் பாடம், ஒரு நூற்றாண்டு கடந்து நம் தெருமுனைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆயினும் கன்று நடுவதோடு பணி முடிவதில்லை. அச்சோலைக்கு ஒரு பெயர் வேண்டும். அதைப் பற்றி ஒரு கதை வேண்டும். இது எங்களுடையது என்று சொல்ல ஓர் ஊர் வேண்டும். எழுதும்போது கோயில், படிக்கும்போது காடு என்று ஒரு மொழி வைத்திருந்த உறவு அத்தகையது. பெயரும் கதையும் தருவது அரசாணையின் தொழிலன்று. அது கவிஞர்களின் தொழில்.